சண்டேசர் காவல்

(அரியலூரில் கலை, வரலாற்று ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவன் கோயிலை வலம் வரும்போது சண்டிகேசுவரர் சன்னிதியில் நாம் எல்லோரும் சற்று நின்று, கைகளை மெல்லத் தட்டிக் காட்டிவிட்டு நகர்வோம். இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று அவரிடம் கணக்குக் காட்டும் வழக்கம் அது. கோயில் சொத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால், கோயில் நிலத்தை விற்றதும் வாங்கியதும் குத்தகைக்கு விட்டதும் சண்டேசுவரர் பெயராலேயே எழுதப்பட்டிருக்கும். சிவன் சொத்து குலநாசம் என்று ஊரில் சொல்வதும் அவரை நினைத்துத்தான்.

அந்தச் சண்டேசருக்குத் தமிழ்நாட்டுக் கல்லில் கிடைத்த மிகப் பெரிய சிறப்பு நம் அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள், ஸ்ரீபுரந்தானிலும் சுத்தமல்லியிலும் செப்புத் திருமேனிகள் கூண்டோடு களவு போயின. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பெரிய கோயில். கங்கைக்கரைவரை சென்ற படையெடுப்பு முடிந்தபின், 1025ஐ ஒட்டி, முதலாம் இராசேந்திரன் தன் தலைநகரை இங்கே அமைத்தான். கங்கை நீரைக் கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்லப்படும் சோழகங்கம் ஏரியை நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. இன்று பொன்னேரி என்று நாம் அழைப்பது அதைத்தான். அதன்பின் வந்த சோழ அரசர்கள் ஏறத்தாழ 250 ஆண்டுகள் இங்கிருந்தே ஆண்டார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று செங்கல் அடித்தளங்களே மிச்சம். கோயில் மட்டும் நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 13 நிலை, இதற்கு 9 நிலை. அப்பன் கட்டியதைவிடக் குறைவாகக் கட்டினான் என்றும், பணிவு காட்டினான் என்றும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளில் எனக்கு ஈடுபாடில்லை. தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது. இந்த விமானத்தின் மூலைகள் உள்வாங்கி, கோடு வளைந்து வளைந்து மேலே போகிறது. தந்தையின் கோயிலைக் கட்டி முடித்த கைகளுக்கு, அல்லது அவர்களிடம் பயின்ற கைகளுக்கு, வேறொன்றைச் செய்து பார்க்கும் துணிவு வந்திருக்கிறது. அதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

வடபுறப் படிக்கட்டை ஒட்டிய மாடத்துக்கு வாருங்கள். சிவன் அமர்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. அவர் காலடியில் ஒரு சிறுவன் கைகூப்பித் தலை தாழ்த்தி அமர்ந்திருக்கிறான். சிவனின் முன்கைகள் இரண்டும் அந்தச் சிறுவனின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுற்றி முடிக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மாலையின் ஒரு வளைவு தலையில் படிந்திருக்கிறது, மறுமுனை இன்னும் விரல்களில் இருக்கிறது. சிறுவனின் முகத்தைப் பாருங்கள். பரிசு பெற்றவனின் பூரிப்பு அங்கே இல்லை. கூச்சமும் நிறைவும் கலந்த ஓர் அடக்கம் இருக்கிறது. கருங்கல்லில் இந்த உணர்வைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று உளி பிடித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சிறுவன்தான் சண்டேசர். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாடு மேய்த்த பிள்ளை மணலில் லிங்கம் பிடித்துப் பாலைச் சொரிந்தான். பால்குடத்தைத் தகப்பன் காலால் உதைத்தான், மகன் அந்தக் காலை வெட்டினான். பசுக்களும் பாலும் தகப்பனும் மாடத்தின் ஓரங்களில் சிறு சிறு காட்சிகளாக இருக்கின்றன. பெரிய உருவத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள். சேக்கிழார் இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே சிற்பி இதைக் கல்லில் சொல்லி முடித்துவிட்டான். இறைவன் இராசேந்திரனுக்கே வெற்றிமாலை சூட்டுவதாகவும் இதைக் கொள்ளலாம் என்பது சி. சிவராமமூர்த்தி போன்ற அறிஞர்களின் கருத்து. அரசன் மனத்தில் அது இருந்திருக்கலாம். எனக்கு அங்கே அந்த மாட்டுக்காரப் பிள்ளைதான் தெரிகிறான்.

பக்கத்திலேயே சரசுவதி. தென்புறம் போனால் ஆடும் பிள்ளையார், அர்த்தநாரி, ஆடவல்லான். அந்த ஆடவல்லானின் காலடியில், எலும்பு தெரிய ஒட்டிய உடலோடு, தாளமிட்டுக்கொண்டிருக்கும் காரைக்கால் அம்மையாரைத் தேடிப் பாருங்கள். மகாமண்டபத்துக்குள் ஒரே கல்லில் செய்த நவக்கிரகப் பீடம் இருக்கிறது. மேலே விரிந்த தாமரையாகச் சூரியன், கீழே ஏழு குதிரை பூட்டிய தேர், சுற்றிலும் மற்றக் கோள்கள். வழக்கமான நவக்கிரகச் சன்னிதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முற்றிலும் புதியது. சாளுக்கிய நாட்டிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். கலிங்கத்துச் சிற்பங்கள் செங்கமேடு போன்ற சுற்று ஊர்களில் இன்றும் நிற்கின்றன. போர்களில் கைக்கொண்டதைக் கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுப்பது அன்றைய வழக்கம்.

இந்தக் கோயிலை ஒரு கிறித்தவத் தேவாலயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, இந்த இடத்தில் நாம் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. மாதா கோயில் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, கலம்பகமும் பாடினார். அவர் பிறந்த ஐரோப்பாவில், நம் சோழர் காலத்தின் பின்பாதியில் எழுந்தவைதான் கோதிக் பாணிக் கதீட்ரல்கள். அவற்றில் ஒன்றான ஜெர்மனியின் கொலோன் கதீட்ரலைச் சொல்கிறேன்.

1248இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கோயிலின் பணி 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. முடியாத கோபுரத்தின் உச்சியில் கல் தூக்கும் பாரந்தூக்கி பல நூறு ஆண்டுகள் அப்படியே நின்றது. 1842இல் மீண்டும் தொடங்கி 1880இல் கட்டி முடித்தார்கள். எதற்காக அவ்வளவு பெரிய கோயில்? கிழக்கிலிருந்து குழந்தை ஏசுவைக் காண வந்த மூன்று ஞானியரின் எச்சங்கள் என்று நம்பப்படுபவை 1164இல் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தன. மிலானை வென்ற பேரரசர் பார்பரோசா அவற்றைக் கொலோன் பேராயருக்குக் கொடுத்தார். அதுவும் போரில் கிடைத்த பொருள்தான். அவற்றை வைக்கப் பொன்னால் ஒரு பேழை செய்தார்கள். அந்தப் பேழைக்கேற்ற கோயிலாகத்தான் கதீட்ரல் எழுந்தது. கங்கை நீர் வந்ததும் ஒரு நகரம் எழுந்தது என்பது நம் பக்கத்துக் கதை.

கட்டட மனம் இரண்டிலும் வேறு. கோதிக் கட்டடக்காரர் பாரத்தை வெளியே முட்டுக் கால்களில் இறக்கிவிட்டு, சுவரைத் திறந்து, வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சத்தை உள்ளே வரவழைத்தார். புனிதர்களின் கதைகள் எல்லாம் அந்தக் கண்ணாடியில் ஒளிர்கின்றன. நம் ஸ்தபதி கருவறையை இருளாக வைத்துவிட்டு, கதைகளை வெளிச்சுவரில், வெயிலில் நிறுத்தினார். இங்கே விளக்குப் பிடிப்பது சூரியன். நம் அட்சரேகையில் வடக்கு நோக்கிய சுவரில் உச்சி வெயில் விழுவது சித்திரை முதல் ஆவணிவரைதான், மற்ற மாதங்களில் உச்சிவேளையில் அது நிழலில் இருக்கும். ஒரு முறை பார்த்தவர்கள் வேறு பருவத்தில் மறுபடியும் போய்ப் பாருங்கள், அதே சிற்பம் வேறு மாதிரி இருக்கும்.

நான் கொலோனைச் சொன்னதற்குக் கட்டடம் மட்டும் காரணமில்லை. அந்தக் கோயிலின் பழம்பொருள்கள் கோயிலோடு இருக்கின்றன. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓக் மரச் சிலுவை ஒன்று, ஏசு தலை சாய்ந்து இறந்த நிலையில் இருப்பது, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பொன்பேழை பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மற்றத் தங்க, வெள்ளிக் கலங்களும் பழைய அங்கிகளும் கதீட்ரலை ஒட்டிய நிலவறைகளில் கருவூலமாகக் காட்சிக்கு இருக்கின்றன. அவற்றுக்கும் ஆபத்து வராமல் இல்லை. 1794இல் பிரெஞ்சுப் படை வருகிறதென்று பேழையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வந்தபோது அது சிதைந்திருந்தது. 1975இல் கருவூலத்திலேயே திருட்டு நடந்தது, சில பொருள்கள் உருக்கப்பட்டே போயின. ஆனாலும் பூட்டைப் பலப்படுத்தினார்களே தவிர, மக்கள் கண்ணிலிருந்து அவற்றை மறைத்துவிடவில்லை.

நம் கோயிலுக்கு என்ன நேர்ந்தது? 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்தின் சுற்றுமதிலையும் கோபுரத்தையும் உடைத்துக் கல்லை அணைக்கு எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அணைக்கரைப் பாலத்தில் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அணை எத்தனையோ ஊர்களுக்குச் சோறு போட்டது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லுக்கு விலை கொடுத்தது நம் ஊர். 2004இல் யுனெஸ்கோ இந்தக் கோயிலையும் தாராசுரத்தையும் தஞ்சையோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு காவலும் பராமரிப்பும் கூடின. கல் இனிப் பத்திரம் என்று நம்பலாம்.

செம்புக்குத்தான் கவலை.

கல் திருமேனி இருந்த இடத்தை விட்டு அசையாது. செப்புத் திருமேனி அசைவதற்காகவே பிறந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிக்கிறார்கள். மேலே வண்டல்மண் பூசி, காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். இப்படி மண்கருவை உடைத்துவிடுவதால் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதுவே சாட்சி சொன்னது. பீடத்தைப் பார்த்தால் துளைகளோ வளையங்களோ இருக்கும், கம்பு கோத்துத் தோளில் தூக்கிப் புறப்பாடு செய்ய. முகத்தைப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் சந்தனமும் தேய்த்துத் தேய்த்து மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்கும். சிலவற்றுக்குக் கண்ணைப் பின்னாளில் மறுபடி செதுக்கியிருப்பார்கள். ஒரு முறை பின்பக்கமும் பாருங்கள். அலங்காரம் முழுவதையும் மறைத்துவிடும் என்று தெரிந்தும், சடை புரளும் முதுகை ஸ்தபதி முன்பக்கத்துக்கு இணையாகவே வேலை செய்திருப்பார்.

பெரிய கோயிலிலேயே வாளும் கேடயமும் ஏந்திய முருகன் திருமேனி உண்டு. போருக்குப் போகும் தெய்வம்தான், ஆனால் முகத்தில் குழந்தைக்களை. சோழ வார்ப்புக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று அதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆனால் நம் பகுதியின் செல்வம் பெரிய கோயிலில் மட்டும் இருக்கவில்லை. பழுவூர், திருமழபாடி, கோவிந்தபுத்தூர், காமரசவல்லி, பெரம்பலூர்ப் பக்கம் வாலிகண்டபுரம் என்று கொள்ளிடத்திலிருந்து வெள்ளாறுவரை பழைய கோயில்கள் இல்லாத திசை கிடையாது. வருமானம் உள்ள கோயிலில் பூசை நடந்தது, ஆள் நடமாட்டம் இருந்தது. வருமானம் இல்லாத கோயிலில் குருக்கள் ஊரை விட்டுப் போனார், கதவு பூட்டிக்கொண்டது, உள்ளே தேனீயும் வௌவாலும் குடியேறின. ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் அப்படிப் பூட்டிக் கிடந்த கோயில்.

2006இல் தொடங்கி அந்தக் கோயிலின் திருமேனிகள் எடுத்துச் செல்லப்பட்டன. ஊருக்கு இது தெரியவே தெரியாது. 2008இல் பக்கத்துச் சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் களவு நடந்த பின்னர், இங்கிருப்பவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அதற்குள் அந்தக் கோயிலின் நடராசர், கைவினைப் பொருள் என்ற பெயரில் கப்பலேறி, நியூயார்க்கில் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரின் கடை வழியாக, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டிருந்தார். அவரோடு இருந்த உமையைச் சிங்கப்பூர் அருங்காட்சியகம் ஒன்று 2007இல் 6,50,000 டாலருக்கு வாங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் உலகமே வியந்து பார்க்கும் விலை, இன்னொரு பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாத கோயில். பொருள் ஒன்றுதான். இதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எப்படி மீட்டார்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்தே தென்னாட்டுக் கோயில்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1994இல் அவர்களின் ஒளிப்படக்காரர் ஸ்ரீபுரந்தானுக்கு வந்து போயிருந்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் ஆர்வலர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கருவை உடைத்துவிடுவதால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்றேன் அல்லவா? வார்ப்பில் நேர்ந்த சிறு கோணல்கள்கூட ஒத்துப்போயின. விற்பனைக்குக் காட்டிய பழைய உரிமைத் தாள்கள் போலி என்பது வெட்டவெளிச்சமாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நடராசரைத் திருப்பிக் கொடுத்தார். மறு ஆண்டு சிங்கப்பூரும் உமையைத் திருப்பி அனுப்பியது. 2011இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிடிபட்டு, 2012இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட கபூருக்கு, சுத்தமல்லி வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஒரே ஒரு படம். யாரோ ஒருவர் ஒரு பகல் வேளையில் அந்தப் பூட்டிய கோயிலைத் திறக்கச் சொல்லி எடுத்த படம். அது இல்லாமல் போயிருந்தால் நடராசர் இன்றும் கான்பெராவில் உள்ள அந்தக் கலைக்கூடத்தில்தான் இருந்திருப்பார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாமல். சண்டேசர் நம் காலத்தில் காமிராவோடு வந்தார் என்றே நான் நம்புகிறேன்.

திரும்பி வந்த நடராசர் எங்கே போனார்? நீதிமன்றத்துக்கு வந்து, அங்கிருந்து கும்பகோணத்தில் காப்பகத்துக்குப் போனார். காவல் இல்லாத ஊர்களின் திருமேனிகளைத் திருவாரூர், கும்பகோணம் போன்ற இடங்களில் திருமேனிக் காப்பகங்களில் பூட்டி வைப்பது அரசின் ஏற்பாடு. திருட்டுக்கு அஞ்சிச் செய்த அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் வரிசை வரிசையாக அடுக்கி, பூட்டி, யாரும் பார்க்க முடியாமல் வைத்திருப்பது காவலில் பாதிதான். பார்க்காத பொருளை ஊர் மறந்துவிடும். மறந்துபோன பொருள் எப்போது காணாமல் போனது என்று சொல்ல ஆள் இருக்காது. ஸ்ரீபுரந்தானில் நடந்ததே அதுதானே?

கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் அமைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். அதையொட்டி நம் மாவட்டத்தார் கேட்க வேண்டியவை சில உண்டு. மாளிகைமேட்டுச் செங்கல்லும் ஓடும் பானையும் மட்டும் வைத்து அதை முடித்துவிடக் கூடாது. அரியலூர், பெரம்பலூர் கோயில்களிலிருந்து காப்பகங்களுக்குப் போன திருமேனிகள் முழுப் பாதுகாப்போடு இங்கே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப்பெயரும் கோயில் பெயரும் பெரிதாக எழுதப்பட வேண்டும். பெயருக்கு அருகில் நூற்றாண்டு மட்டும் போட்டால், அது யாருடையது என்பது மறைந்துவிடும். பின்பக்கமும் தெரியும்படி வைக்க வேண்டும். ஸ்தபதிகள் வந்து பார்த்து வரைந்துகொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு நாளாவது அவை தத்தம் ஊருக்குப் போய் வர வேண்டும். மார்கழித் திருவாதிரைக்கு நடராசர் ஸ்ரீபுரந்தானில் அபிடேகம் காண வேண்டும். காவல்துறை கூடவே வரட்டும், மாலையில் திரும்பட்டும். முடியாத காரியம் இல்லை. காப்பகத்திலிருந்து திருவிழாவுக்குத் திருமேனிகளை எடுத்துச் சென்று திருப்பி வைப்பது பல ஊர்களில் நடக்கிறதுதான்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ள கைப்பேசி இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலின் அறங்காவலரிடமும் குருக்களிடமும் முறையாகக் கேட்டு, அனுமதி வாங்கி, ஒவ்வொரு திருமேனியையும் முன், பின், இரு பக்கம், பீடம் என்று படம் எடுங்கள். அலங்காரம் இல்லாத நேரம் பார்த்து எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். உடைசல், கீறல், ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அருகில் போய்த் தனியே எடுங்கள், அடையாளம் சொல்லப் போவது அவைதான். ஊர்ப் பெரியவர்கள் அந்தத் திருமேனியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், எந்த விழாவுக்கு எழுந்தருளும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் போடாதீர்கள், கள்வனுக்கு வழி காட்டியதாகிவிடும். ஒரு படி கோயிலில், ஒரு படி அறநிலையத் துறையில், ஒரு படி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும்.

அருங்காட்சியகம் பற்றியும் திருவாதிரைப் புறப்பாடு பற்றியும் மாவட்ட ஆட்சியர் வழியாக அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். ஸ்ரீபுரந்தானிலிருந்தும் சுத்தமல்லியிலிருந்தும் வந்திருப்பவர்கள் முதலில் அதைப் படித்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தித் தாருங்கள். அதன்பின் நாம் எல்லோரும் கையெழுத்திடுவோம்.